சலீம் அலி

சலீம் மொய்சுதீன் அப்துல் அலி (நவம்பர் 12, 1896 – ஜூன் 20, 1987) இந்தியாவின் புகழ்பெற்ற பறவையியல் அறிஞரும் இயற்கைப் பாதுகாப்பாளரும் ஆவார். இந்தியத் துணைக்கண்டத்தின் பறவைகளை முறையாகக் கள ஆய்வு செய்தவர்களுள் முதன்மையானவர். இந்தியாவின் பறவை மனிதர் என்று பரவலாக அறியப்படுகிறார். இவர் எழுதிய நூல்கள் பறவை நோக்கலைப் பொதுமக்களிடையே பரப்பின. தமிழ்நாட்டில் கோடியக்கரைக் கடற்கரையில் நடைபெற்ற வலசைப் பறவை ஆய்வுகளை வழிநடத்தியவர். தேனி மாவட்டத்தின் மேகமலையில் வாழும் அரிய பழந்தின்னி வௌவால் ஒன்று இவருடைய பெயரைத் தாங்கியுள்ளது.

பிறப்பும் இளமையும்

சலீம் அலி மும்பையில் சுலைமானி போரா முஸ்லிம் குடும்பம் ஒன்றில் பிறந்தார். ஒரு வயதில் தந்தை மொய்சுதீனையும் மூன்று வயதில் தாய் சீனத்-உன்-நிசாவையும் இழந்தார். தாய்மாமன் அமீருதீன் தியாப்ஜியும் அவருடைய மனைவி அமீதா பேகமும் குழந்தைகள் அனைவரையும் மும்பையின் கேத்வாடிப் பகுதியில் வளர்த்தனர். விடுதலைப் போராட்ட வீரர் அப்பாஸ் தியாப்ஜி இவருடைய மற்றொரு மாமன் ஆவார்.

வேட்டையில் விருப்பம் கொண்டிருந்த அக்குடும்பத்தில் சிறுவன் சலீமுக்கும் ஒரு சிறிய காற்றுத் துப்பாக்கி கிடைத்தது. ஏறத்தாழப் பத்து வயதில் அவர் ஒரு சிட்டுக்குருவியைச் சுட்டு வீழ்த்தினார். அதன் தொண்டையில் வழக்கத்துக்கு மாறாக மஞ்சள் நிறத் திட்டு இருந்தது. அது என்ன பறவை என்று வீட்டில் எவருக்கும் தெரியவில்லை. மாமன் அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பிவைத்தார். 1883இல் தொடங்கப்பட்ட அக்கழகத்தின் செயலாளராக அப்போது டபிள்யூ. எஸ். மில்லார்டு பணியாற்றினார். அவர் அப்பறவை மஞ்சள்தொண்டைச் சிட்டு என்று இனங்கண்டு கூறியதுடன், கழகத்தில் பாதுகாக்கப்பட்டிருந்த பதப்படுத்திய பறவைகளையும் இழுப்பறைகளைத் திறந்து காட்டினார். பறவைகளைப் பற்றிய நூல்களைக் கொடுத்து, பறவைகளைச் சேகரித்துப் பதப்படுத்தும் முறையையும் கற்பிக்க ஏற்பாடு செய்தார். சலீம் அலியின் வாழ்க்கைப் போக்கை இந்நிகழ்ச்சி தீர்மானித்தது.

கல்வியும் வேலை தேடலும்

1913இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேசன் தேர்வில் தேறினார். புனித சேவியர் கல்லூரியில் சேர்ந்தபோதும் முதலாண்டுப் படிப்பு கடினமாக இருந்ததால் இடையிலேயே விலகினார். பின்னர்க் குடும்பத்தின் உல்பிரம் சுரங்கத் தொழிலையும் மரத் தொழிலையும் கவனிப்பதற்காகப் பர்மாவின் தவோய் பகுதிக்குச் சென்றார். அங்கிருந்த காடுகள் அவருடைய பறவை ஆர்வத்தை மேலும் வளர்த்தன. 1917இல் மும்பைக்குத் திரும்பி வணிகச் சட்டமும் கணக்கியலும் பயின்றார். அதே காலத்தில் அருட்தந்தை எதெல்பெர்ட் பிளாட்டரின் தூண்டுதலால் விலங்கியலும் கற்றார். 1918இல் தெகமினாவை மணந்தார்.

இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் பறவையியலாளர் பணிக்கு முயன்றபோது, முறையான பட்டம் இல்லாததால் அவருக்கு அப்பணி கிடைக்கவில்லை. 1926இல் மும்பை வேல்ஸ் இளவரசர் அருங்காட்சியகத்தின் இயற்கை வரலாற்றுப் பிரிவில் வழிகாட்டி விரிவுரையாளராக நியமிக்கப்பட்டார். 1928இல் விடுப்புப் பெற்று ஜெர்மனிக்குச் சென்று, பெர்லின் பல்கலைக்கழக விலங்கியல் அருங்காட்சியகத்தில் எர்வின் ஸ்ட்ரெசுமான் என்னும் அறிஞரிடம் பயிற்சி பெற்றார். இறந்த பறவைகளின் தோல்களை அளந்து வகைப்படுத்துவதோடு, உயிருள்ள பறவையின் நடத்தையையும் சூழலையும் ஆராய வேண்டும் என்னும் புதிய பறவையியலின் போக்கை அங்கு அறிந்துகொண்டார். வட கடலில் உள்ள ஹெலிகோலாந்து தீவின் பறவை நோக்ககத்தில், வலசைப் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையமிட்டு விடுவிக்கும் முறையையும் கண்டறிந்தார்.

1930இல் அவர் நாடு திரும்பியபோது, நிதிப் பற்றாக்குறையால் அவருடைய பணியிடம் நீக்கப்பட்டிருந்தது.

கிகிம் கடற்கரையும் தூக்கணாங்குருவியும்

வேலை இழந்த சலீம் அலி, மனைவியுடன் மும்பைக்கு அருகிலுள்ள கிகிம் என்னும் கடலோரச் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார். அங்கு மழைக்காலத்தில் தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் கூடு கட்டின. அவற்றை அவர் மறைவிடத்தில் அமர்ந்து நாள்தோறும் தொடர்ந்து கவனித்தார்.

ஆண் குருவி முதலில் பாதிக் கூட்டை மட்டும் கட்டுகிறது. பெண் குருவிகள் வந்து அக்கூடுகளைப் பார்வையிடுகின்றன. ஒரு பெண் ஒரு கூட்டை ஏற்றுக்கொண்ட பின்னரே ஆண் அதனைக் கட்டி முடிக்கிறது. அப்பெண் முட்டையிட்டு அடைகாக்கும்போது ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கி மற்றொரு பெண்ணை ஈர்க்கிறது. இவ்வாறு ஒரே பருவத்தில் ஓர் ஆண் ஒன்றன்பின் ஒன்றாகப் பல பெண்களுடன் இணைவதை அவர் வெளிப்படுத்தினார். இது குறித்து அவர் கழகத்தின் ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை அறிஞர்களின் கவனத்தை ஈர்த்தது. ஊதியமும் ஆய்வகமும் இல்லாத காலத்தில், பொறுமையான நோக்கல் ஒன்றைக் கொண்டே இவ்வாய்வு நடைபெற்றது குறிப்பிடத்தக்கது.

கள ஆய்வுகள்

இதன் பின்னர், களச் செலவை மட்டும் ஏற்றுக்கொண்டால் ஊதியமின்றிப் பறவைக் கணக்கெடுப்புச் செய்து தருவதாகச் சுதேச சமத்தானங்களிடம் சலீம் அலி தெரிவித்தார். ஐதராபாத்து (1931–32), திருவிதாங்கூர், கொச்சி (1933) ஆகிய சமத்தானங்கள் இதனை ஏற்றன. பின்னர்க் குவாலியர், இந்தூர், போபால் முதலிய பகுதிகளிலும் ஆய்வுகள் நடைபெற்றன. 1937இல் ஆப்கானித்தானுக்கும் சென்றார். இப்பயணங்களில் தெகமினா உடன் சென்று முகாம் வாழ்க்கையின் பொறுப்புகளை ஏற்றுக்கொண்டார். இங்கிலாந்தைச் சேர்ந்த பறவையியலாளர் ஹியூ விசுலர் ஆய்வுக் குறிப்புகளைத் தொகுப்பதில் உதவினார்.

1939இல் ஒரு சிறிய அறுவைச் சிகிச்சைக்குப் பின் தெகமினா காலமானார். அதன் பின்னர்ச் சலீம் அலி மறுமணம் செய்துகொள்ளவில்லை. தம் தமக்கையின் குடும்பத்துடன் வாழ்ந்து, எஞ்சிய வாழ்நாளைப் பறவை ஆய்வுக்கே செலவிட்டார்.

கம்பம் பள்ளத்தாக்கின் எல்லையில்

1933ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர் ஆய்வு மேற்குத் தொடர்ச்சி மலையின் பல முகாம்களைக் கொண்டிருந்தது. மறையூர், குமுளி, பெரியாறு ஏரி ஆகியவை அவற்றுள் அடங்கும். குமுளி இன்றைய தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து கூடலூர் வழியாக மலை ஏறினால் அடையும் எல்லை ஊராகும். 1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையால் உருவான பெரியாறு ஏரியின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களுக்குப் பாய்கிறது. ஆகவே, சலீம் அலி ஆராய்ந்த ஏரிக்கரைக் காடுகளும் கீழேயுள்ள நெல்வயல்களும் ஒரே நீரால் இணைந்தவை. இவ்வாய்வின் முடிவுகள் பிற்காலத்தில் விரிவாக்கப்பட்டு, திருவிதாங்கூர்-கொச்சிப் பறவைகள் பற்றிய நூலாக 1953இலும், கேரளப் பறவைகள் பற்றிய நூலாக 1969இலும் வெளிவந்தன.

நூல்கள்

1941இல் வெளிவந்த இந்தியப் பறவைகள் என்னும் நூல் சலீம் அலியின் புகழ்பெற்ற படைப்பாகும். வண்ணப் படங்களுடன் எளிய விளக்கங்களைக் கொண்டிருந்த இந்நூலின் துணையால், துறைப்பயிற்சி இல்லாதவர்களும் தாம் காணும் பறவையின் பெயரை அறிய முடிந்தது. அதுவரை ஒரு பறவையை இனங்காண விரும்பியவர் அருங்காட்சியகத்தையோ பெரிய தொகுதி நூல்களையோ நாட வேண்டியிருந்தது. சவகர்லால் நேரு இந்நூலைத் தம் மகள் இந்திராவுக்கு அளித்தார்.

அமெரிக்கப் பறவையியலாளர் சிட்னி டில்லன் ரிப்ளியுடன் இணைந்து எழுதிய இந்திய, பாக்கித்தான் பறவைகள் கையேடு 10 தொகுதிகளைக் கொண்டது. 1964இல் தொடங்கிய இப்பணி 1974இல் நிறைவுற்றது. இது துணைக்கண்டப் பறவையியலின் அடிப்படை நூலாகக் கருதப்படுகிறது. சலீம் அலியின் தன்வரலாறு 1985இல் வெளிவந்தது. சிறுவயதில் சுட்டு வீழ்த்திய சிட்டுக்குருவியின் நினைவாகவே அதன் தலைப்பு அமைந்தது.

கோடியக்கரையும் வலசை ஆய்வும்

நாகப்பட்டினம் மாவட்டத்தில் உள்ள கோடியக்கரை, சோழமண்டலக் கடற்கரை மேற்கு நோக்கித் திரும்பும் முனையில் அமைந்துள்ளது. ஒருபுறம் கடலும் மறுபுறம் வேதாரண்யம் சதுப்புநிலமும் உள்ளன. இடையில் உலர் பசுமைமாறாக் காடும் வெளிமான்கள் மேயும் புல்வெளியும் காணப்படுகின்றன. வடகிழக்குப் பருவமழையின்போது நன்னீர் உப்புநீருடன் கலந்து ஆழம் குறைந்த சேற்றுப் பரப்புகள் உருவாகின்றன. புழுக்களும் சிறு இறால்களும் பெருகும் இப்பரப்புகளை நாடி, குளிர்காலத்தில் பல்வகை உள்ளான்கள், ஆலாக்கள், வாத்துகள், பூநாரைகள் ஆகியவை திரளாக வருகின்றன. உள்ளான்களுள் பல, வட ரஷ்யாவின் துந்திரப் பகுதியில் இனப்பெருக்கம் செய்துவிட்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வருபவை.

1957இல் கர்நாடகத்தின் சிமோகா பகுதியில் கியாசனூர் காட்டு நோய் கண்டறியப்பட்டது. உண்ணிகளால் பரவும் இந்நோயின் நுண்மம் வடக்கிலிருந்து வரும் பறவைகளால் கொண்டுவரப்பட்டிருக்கலாம் என்னும் ஐயம் எழுந்தது. இதனையொட்டி உலகச் சுகாதார அமைப்பின் ஆதரவுடன், சலீம் அலியின் தலைமையில் கழகம் பெரிய அளவில் பறவைகளுக்கு வளையமிடும் பணியைத் தொடங்கியது. பிற்பாடு இப்பணிக்கு அமெரிக்க இராணுவத்தோடு தொடர்புடைய திட்டம் ஒன்றின் நிதியும் கிடைத்தமையால், 1970களில் இந்திய நாடாளுமன்றத்தில் இது குறித்துக் கேள்விகள் எழுப்பப்பட்டன.

1960களில் கோடியக்கரையின் சிறப்பைச் சலீம் அலி எடுத்துரைத்தார். 1967 ஜூன் மாதம் கோடியக்கரை வனவிலங்கு உய்விடமாக அறிவிக்கப்பட்டது. 1980இல் தொடங்கிய வலசை ஆய்வுத் திட்டத்தில் இராசத்தானின் பரத்பூரும் கோடியக்கரையும் முதன்மை நிலையங்களாக அமைந்தன. ஆய்வின் தலைமைப் பொறுப்பைத் தம் எண்பதுகளிலும் சலீம் அலி ஏற்றிருந்தார்.

வளையமிடும் பணி பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும் நடைபெறும். கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய வலைகளைச் சேற்றுப் பரப்பில் கட்டிப் பறவைகளைப் பிடிப்பர். அவற்றின் எடை, இறக்கை நீளம், இறகு உதிர்க்கும் நிலை ஆகியவற்றைக் குறித்துக்கொள்வர். பின்னர்க் கழகத்தின் பெயரும் எண்ணும் பொறித்த இலேசான உலோக வளையத்தைக் காலில் பூட்டி விடுவிப்பர். அப்பறவை வேறோரிடத்தில் பிடிபட்டால் அதன் வழித்தடமும் வயதும் தெரியவரும். பீகாரைச் சேர்ந்த மரபுவழிப் பறவை பிடிப்போரான மீர்சிகார்களின் திறனையும் கழகம் இப்பணியில் பயன்படுத்தியது. விற்பனைக்காகப் பறவை பிடித்த அவர்களுடைய கை நுட்பம், பறவைக்குக் காயமின்றி ஆய்வு நடத்த உதவியது.

கோடியக்கரையும் அதனைச் சார்ந்த சதுப்புநிலமும் 2002 ஆகத்து மாதத்தில் ராம்சர் பட்டியலில் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகச் சேர்க்கப்பட்டன. இதன் பரப்பு 38,500 எக்டேர் ஆகும். 2018 நவம்பரில் வீசிய கசா புயலால் இக்காடு கடுமையாகச் சேதமடைந்தது.

மேகமலை வௌவால்

தேனி மாவட்டத்தில் கம்பம் பள்ளத்தாக்கின் கிழக்கே மேகமலை அமைந்துள்ளது. சின்னமனூரிலிருந்து மலைப்பாதை வழியாக இதனை அடையலாம். பச்சைக்கூமாச்சி என்றும் இம்மலைக்குப் பெயருண்டு. மலைமேல் தேயிலைத் தோட்டங்களும் அவற்றைச் சூழ்ந்து சோலைக் காடுகளும் உள்ளன.

1948இல் இப்பகுதி மதுரை மாவட்டத்தில் இருந்தது. அங்குத் தேயிலைத் தோட்டத்தில் பணியாற்றிய இயற்கை ஆர்வலர் ஆங்கசு அட்டன், பழந்தின்னி வௌவால் ஒன்றைப் பிடித்துப் பதப்படுத்திக் கழகத்துக்கு அனுப்பினார். அது நாடெங்கும் காணப்படும் குறுமூக்குப் பழந்தின்னி வௌவால் என்று தவறாக இனங்காணப்பட்டு, இழுப்பறையில் வைக்கப்பட்டது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அது அப்பெயரிலேயே இருந்தது.

பின்னர்த் தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தொங்லோங்யா அம்மாதிரியை மீண்டும் ஆராய்ந்தார். அதற்கு வெளியில் தெரியும் வால் இல்லை. மேல்தாடையிலும் கீழ்த்தாடையிலும் ஒவ்வோர் இணை வெட்டுப்பற்களே இருந்தன. எனவே அது புதிய இனம் மட்டுமன்றிப் புதிய பேரினமும் ஆகும் என்று 1972இல் அறிவித்து, சலீம் அலியின் பெயரை அதற்குச் சூட்டினார். அதன் அறிவியல் பெயர் லாடிடென்சு சலீமாலியை ஆகும்.

எனினும், அப்போது உலகில் அறியப்பட்டிருந்தது அந்த ஒரே மாதிரிதான். 1993இல் ஆய்வாளர்கள் மேகமலையில் இவ்வௌவாலை உயிருடன் மீண்டும் கண்டனர். அதன் பின்னர்ப் பெரியாறு, களக்காடு முண்டந்துறை முதலிய தென்மலைக் காடுகளிலும் இது அறியப்பட்டது. குகைகளில் தங்கி, அத்தி முதலிய காட்டுப் பழங்களை இது உண்கிறது. இது அருகிவரும் இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது.

இனங்காணல் சரியாக அமைவதன் பயனுக்கு இவ்வௌவால் ஒரு சான்றாகும். இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பழந்தின்னி வௌவால்கள் நீண்டகாலம் தீங்குயிரிகளுக்கான ஐந்தாம் அட்டவணையில் வைக்கப்பட்டிருந்தன. சலீம் அலி வௌவால் மட்டும் அவற்றிலிருந்து விலக்கப்பட்டு, உச்சப் பாதுகாப்பு அளிக்கும் முதலாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. பழைய பெயரே நிலைத்திருந்தால் இப்பாதுகாப்புக் கிடைத்திருக்க வாய்ப்பில்லை. இதன் வாழிடத்தை உள்ளடக்கிய சிறீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் 2021இல் அறிவிக்கப்பட்டது.

இயற்கைப் பாதுகாப்புப் பணிகள்

விடுதலைக்குப் பின் நிதி நெருக்கடியில் இருந்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் தொடர்ந்து இயங்குவதற்குச் சலீம் அலி பிரதமர் நேருவின் உதவியை நாடிப் பெற்றார். மேகமலை மாதிரியைப் போன்ற பல்லாயிரம் மாதிரிகள் அழியாமல் காக்கப்பட்டதற்குக் கழகத்தின் இத்தொடர்ச்சி முக்கியக் காரணமாகும். பரத்பூர் நீர்ப்பறவைச் சரணாலயத்தைக் காப்பதிலும், கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டும் திட்டத்தைத் தடுப்பதிலும் அவருடைய குரல் பங்காற்றியது.

திறனாய்வு

ஆய்வுக்காகப் பறவைகளைச் சுட்டுச் சேகரித்தமைக்காகச் சலீம் அலி குறைகூறப்பட்டதுண்டு. வகைப்பாட்டுக்கு மாதிரிகள் இன்றியமையாதவை என்பதும், தேவைக்கு மேல் கொல்லலாகாது என்பதும் அவருடைய நிலைப்பாடாக இருந்தன.

பரத்பூரில் எருமைகள் மேய்வதைத் தடை செய்ய வேண்டும் என்று அவர் பரிந்துரைத்தார். 1982இல் தடை நடைமுறைக்கு வந்தபோது சுற்றுப்புறச் சிற்றூர் மக்கள் எதிர்த்தனர். காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் சிலர் உயிரிழந்தனர். பிற்காலத்தில் கழகமே நடத்திய நீண்டகால ஆய்வில், மேய்ச்சல் நின்றதால் புல்லும் நீர்க்களைகளும் மிகுந்து, நீர்ப்பறவைகளுக்கு ஏற்ற திறந்த நீர்ப்பரப்புக் குறைந்தது தெரியவந்தது. மக்களின் பயன்பாட்டையும் கணக்கில் கொண்டே பாதுகாப்புத் திட்டங்கள் அமைய வேண்டும் என்பதற்கு இந்நிகழ்வு எடுத்துக்காட்டாகச் சுட்டப்படுகிறது.

தனி இயல்புகள்

சலீம் அலி எளிய வாழ்க்கை வாழ்ந்தவர். விசையுந்துகளில் பெருவிருப்பம் உடையவர். 1950இல் சுவீடனின் உப்சாலாவில் நடைபெற்ற பன்னாட்டுப் பறவையியல் மாநாட்டுக்குச் சென்றபோது, தம் விசையுந்தைக் கப்பலில் கொண்டுசென்று ஐரோப்பாவில் அதிலேயே பயணம் செய்தார்.

விருதுகள்

பத்ம பூசண் (1958), பத்ம விபூசண் (1976) ஆகிய விருதுகளை இந்திய அரசு வழங்கியது. பிரித்தானியப் பறவையியலாளர் ஒன்றியத்தின் தங்கப் பதக்கத்தை 1967இல் பெற்றார். அப்பதக்கத்தைப் பெற்ற முதல் பிரித்தானியர் அல்லாதவர் இவரே ஆவார். ஜே. பால் கெட்டி வனவிலங்குப் பாதுகாப்புப் பரிசையும் பெற்றார். பரிசுத் தொகையை இயற்கைப் பாதுகாப்பு நிதி ஒன்று அமைக்கப் பயன்படுத்தினார். பட்டப்படிப்பை முடிக்காத அவருக்கு அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம், தில்லிப் பல்கலைக்கழகம், ஆந்திரப் பல்கலைக்கழகம் ஆகியவை மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கின. 1985இல் மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பட்டார்.

மறைவும் நினைவும்

சலீம் அலி 1987 ஜூன் 20 அன்று மும்பையில் தம் 90ஆம் வயதில் புற்றுநோயால் காலமானார். 1990இல் கோயம்புத்தூரை அடுத்த ஆனைகட்டியில் சலீம் அலி பறவையியல் மற்றும் இயற்கை வரலாற்று மையம் தொடங்கப்பட்டது. இம்மையம் 2023இல் இந்திய வனவிலங்கு நிறுவனத்துடன் இணைக்கப்பட்டது. கேரளத்தின் தட்டேக்காடு பறவைகள் சரணாலயம் இவருடைய பெயரைத் தாங்கியுள்ளது. 2016இல் இமயமலைக் காடுகளில் புதிய இனமாக வரையறுக்கப்பட்ட பூங்குருவி ஒன்றுக்கும் இவர் பெயர் சூட்டப்பட்டது.

கோடியக்கரையில் குளிர்காலந்தோறும் பறவைகளைக் காண மாணவர்களும் ஆர்வலர்களும் கூடுகின்றனர். சேற்றில் நடக்கும் உள்ளானின் அலகு, கால் நிறம், இறக்கைப் பட்டை ஆகியவற்றைப் பார்த்து அதன் பெயரை அறிய முயலும் அவர்கள், மஞ்சள்தொண்டைச் சிட்டுடன் கழகத்தின் கதவைத் தட்டிய சிறுவனின் கேள்வியையே மீண்டும் கேட்கின்றனர்.